பெருநாளுக்கு முன் தீர்க்க வேண்டிய கணக்கு

கலேவெலயில் கடல் இல்லை. குருநாகலிலிருந்து தம்புள்ளைக்கும் அதற்கப்பால் திருகோணமலைக்கும் செல்லும் நெடுஞ்சாலையில், வயல்களும் தென்னந்தோப்புகளும் மரக்கறித் தோட்டங்களும் சூழ்ந்த ஒரு சந்தை ஊர் அது. அப்பகுதிப் பிள்ளைகளிற் பலர் கடலை முதன்முதலாகக் காண்பது, தலவில அன்னம்மாள் பெருநாளுக்கோ கொழும்பு கொச்சிக்கடைக்கோ பெற்றோருடன் யாத்திரை போகும்போதுதான்.

எனினும் கடலோர மக்கள் தம் வள்ளங்களிலும் வாடிகளிலும் படம் வைத்துப் போற்றும் புனிதர் ஒருவர் கலேவெலவுக்கு அண்மையிலேயே ஆலயங்கொண்டிருக்கிறார். ஒரு சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள வஹாகோட்டைக் கிராமத்துப் புனித அந்தோனியாரையே குறிப்பிடுகிறோம். யூன் மாதப் பெருநாளுக்குச் சிங்களவரும் தமிழருமாக மக்கள் அங்கே கூடுகின்றனர். மாத்தளைத் தோட்டங்களிலிருந்து வரும் எம்மவர் குடும்பமாக வருவர். நேர்ந்துகொண்ட மெழுகுதிரியையும், கட்டிய சோற்றுப் பொட்டலத்தையும், தூங்கும் குழந்தையையும் சுமந்து வருவர்.

"மீன்பிடிக்கிற ஆட்களுடைய அந்தோனியார் இந்த மலைநாட்டுக்குள்ளே எப்படி வந்தார்?" என்று அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுவன் கேட்டால், பெற்றோர் என்ன பதில் சொல்வது? நல்ல கேள்விதான். அதற்குப் பதில் தேடப் புகுந்தால், பாதுகாவலர் பெருநாள் என்பது எதற்காக ஏற்பட்டது என்ற இடத்துக்கே வந்து சேருவோம். குடும்பமாக வாசிப்போர் இதைச் சற்று ஆறுதலாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கரையிலிருந்து காட்டுக்கு

போர்த்துக்கேயர் காலத்தில் இலங்கைக்கு வந்த முதல் மறைபோதகர்கள் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள். அந்தோனியாரும் அதே சபையினர். அதுவுமன்றிப் போர்த்துக்கல்லின் தலைநகராகிய லிஸ்பனிலே பிறந்தவர். ஆகவே அத்துறவிகள் கரையோரங்களில் எழுப்பிய கோவில்களில் அவருடைய சுரூபம் இடம் பெற்றதில் வியப்பில்லை. கரையோர மக்கள் அவரை அந்நியராக நினைக்கவுமில்லை. கடலைத் தெரிந்தவர் என்றே ஏற்றுக்கொண்டனர்.

1656இல் கொழும்பும் 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. 1658ஆம் ஆண்டிலேயே, கத்தோலிக்கக் குருக்களுக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அவர்கள் கட்டளை பிறப்பித்தனர். கோவில்கள் பறிபோயின, குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். முன்னோர் 'வேதகலாபனை' என்று சொல்லும் காலம் இதுதான். சட்டப்படி அது முடிவடைந்தது 1806இல், ஆங்கிலேய ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது. ஏறக்குறைய நூற்றைம்பது வருடம்.

கரையில் வாழ முடியாதவர்கள் உள்நாடு நோக்கி நடந்தனர். மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது, 1670இல் மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் சென்றன என்பது எமது பாரம்பரியம். அந்த இடமே இன்றைய மடுத் திருப்பதி. கண்டி இராச்சியத்துக்குள்ளும் பலர் புகுந்தனர். ஒல்லாந்தரோடு கைகோத்துப் போர்த்துக்கேயரைத் துரத்திய அதே இரண்டாம் இராஜசிங்க மன்னன், போர்த்துக்கேயருக்கும் கத்தோலிக்கருக்கும் தன் நாட்டிலே குடியிருக்க இடமளித்தான். அரசியலில் இப்படியும் நடப்பதுண்டு. வஹாகோட்டை அவ்வாறு உண்டான குடியிருப்புகளுள் ஒன்று. போர்த்துக்கேய வழிவந்தோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. காலப்போக்கில் முன்னோரின் போர்த்துக்கேய மொழி அவர்களை விட்டுப் போய்விட்டது, அந்தோனியார் போகவில்லை.

ஒரு பக்கக் குறிப்பு. 2008ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் போர் மடுவை நெருங்கியபோது, மாதாவின் சுரூபத்தைக் காட்டிலிருந்து எடுத்துச் சென்று கடலோரக் கிராமமாகிய தேவன்பிட்டியில் வைத்தனர். அதே ஆண்டு ஓகஸ்டில் சுரூபம் மடுவுக்குத் திரும்பியது. அன்று கரையிலிருந்து காட்டுக்கு வந்த மாதா, முந்நூற்று முப்பத்தெட்டு வருடத்துக்குப் பின் காட்டிலிருந்து கரைக்குப் போய் வந்தார். சுரூபத்தைத் தூக்கிச் சென்ற தோள்களுக்கே அந்தப் பாரம் தெரியும்.

குருவில்லாத பெருநாள்

1658 முதல் 1687 வரை ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்கருக்கு நிலையான குரு எவரும் இல்லை. திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. பிள்ளை பிறந்தால் வீட்டுப் பெரியவரே தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுப்பார். 1687இல் கோவாவிலிருந்து தூத்துக்குடி வழியாக, கூலியாளைப் போல வேடம் பூண்டு யோசே வாஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் யார் கத்தோலிக்கர் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே செபமாலையைக் கழுத்திலே தெரியும்படி அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். அதைக் கண்டு யாருடைய கண் கலங்கியதோ, அந்த வீடே அவருக்குக் கோவிலாயிற்று. 1692இல் கண்டிக்குப் போனார். உளவாளி என்று சிறையிலிடப்பட்டார். பின்னர் கண்டி மன்னனின் ஆதரவையே பெற்றார். 1711 சனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை எமது வாசகர் பலர் நேரிலே கண்டிருப்பர்.

அவரும் அவருக்குப் பின் வந்த கோவா ஒறற்றோரியன் குருக்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஊர்களோ நூற்றுக்கணக்கானவை. ஆகவே ஊருக்கு ஒரு மூப்பரையும் ஓர் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினர். மூப்பர் கோவிலையும் ஊர்க் காரியங்களையும் பார்த்துக்கொள்வார். அண்ணாவியார் ஞாயிறுதோறும் செபங்களையும் வாசகங்களையும் படிப்பார், பிள்ளைகளுக்கு மந்திரங்கள் சொல்லிக் கொடுப்பார். (நாட்டுக்கூத்துப் பழக்குகிறவரையும் எம்மவர் அண்ணாவியார் என்றே அழைப்பதை நினைத்துப் பாருங்கள். செபமும் கூத்தும் ஒரு காலத்தில் ஒரே வாயிலிருந்து வந்தன.) குருவானவர் வருடத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ இரவோடிரவாக வருவார்.

அவர் வந்த நாள்தான் அந்த ஊருக்குப் பெருநாள். அன்று வாணவெடி இல்லை, மேளமில்லை. சத்தம் வெளியே கேட்டால் ஆபத்து. அன்று நடந்தவை வேறு. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நிறைவு செய்யப்பட்டது; சேர்ந்து வாழ்ந்தோருக்கு விவாகம் மந்திரிக்கப்பட்டது; ஊர் முழுவதும் பாவசங்கீர்த்தனம் செய்தது. பாவசங்கீர்த்தனம் செய்வதென்றால் அதற்கு முன் என்ன நடந்தாக வேண்டும்? அண்ணன் தம்பி பேசாதிருந்தால் பேச வேண்டும். எல்லை வேலியைத் தள்ளி வைத்தவன் பழைய இடத்தில் நட வேண்டும். வாங்கியதைக் கொடாதவன் கொடுக்க வேண்டும். கொடுக்க வழியே இல்லாதவனைக் கடன் கொடுத்தவன் விட்டுவிட வேண்டும். குருவானவர் மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. ஆகவே ஒத்திப்போட இடமில்லை.

ஊரின் கணக்கைத் தீர்க்கும் நாளாகப் பெருநாள் இருந்தது என்று நாம் சொல்வது இதனாலேதான்.

இன்றைய கரை

இன்று கரையோரப் பங்குகளில் பெருநாள் எப்படி நடக்கிறதென்று தெரியாதவருக்காகச் சுருக்கமாகச் சொல்லுவோம். கொடியேற்றத்தோடு தொடங்கும். புனிதரின் படம் எழுதிய கொடியை ஊரைச் சுற்றிக் கொண்டுவந்து மரத்தில் ஏற்றுவர். ஒன்பது நாள் நவநாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பகுதியாருக்கு. கரைவலைக்காரர் ஒரு நாள், களங்கண்ணிக்காரர் ஒரு நாள், மாதர் சங்கம், இளைஞர், கடைக்காரர் என்று பிரித்துக்கொள்வர். ஒன்பதாம் நாள் மாலை வெஸ்பர் ஆராதனையும் நற்கருணை ஆசீரும். மறுநாட் காலை பாட்டுப்பூசை. மாலையில் சுரூபத்தைக் கூட்டில் வைத்துத் தோளிலே சுமந்து ஊரையும் கரையையும் சுற்றி வருவர். கரைக்கு வந்ததும் கூடு கடலைப் பார்த்து நிற்கும். குருவானவர் கடலையும் வள்ளங்களையும் ஆசீர்வதிப்பார். அன்று ஒரு வள்ளமும் தொழிலுக்குப் போகாது. இரவிலே கூத்து, இப்போதெல்லாம் பெரும்பாலும் இசைக்குழு.

எனது இளமைக்காலம் கழிந்ததும் அப்படியான ஒரு பங்கிலேதான். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு காட்சிகள் மட்டும் மனதைவிட்டு அகல மறுக்கின்றன.

ஒன்று, பட்டியல். பெருநாளுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி எழுதுவார்கள். அதற்கு மேல் உபயம் கொடுப்போரின் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். எங்கள் அடுத்த வீட்டு அம்மான் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கித் தொழில் செய்தவர். முற்பணம் வாங்கினவன் தன் மீனைச் சந்தை விலைக்கு விற்க முடியாது. சம்மாட்டி சொன்ன விலைக்கு அவரிடமே கொடுக்க வேண்டும். ஆகவே கடன் குறையாது, மீன் குறைந்துகொண்டே போகும். அந்த வருடம் அம்மான் தன் பெயரும் வாசிக்கப்பட வேண்டுமென்று மாமியின் அட்டியலை அடைவு வைத்து ஒரு நாள் உபயம் எடுத்தார். பிள்ளைகளுக்குப் புதுச் சட்டையும் வாங்கினார். பெயர் வாசிக்கப்பட்டது. பெருநாள் முடியச் சோளகம் பெயர்ந்தது. கடலுக்குப் போக முடியவில்லை. அட்டியல் மூழ்கிப் போயிற்று.

மற்றையது, ஒரு வருடம் கூடு தூக்கும் நேரம். வலை அறுத்த விவகாரத்தில் இரண்டு குடும்பங்கள் பொலிஸ்வரை போயிருந்தன. இரு பகுதியாருக்கும் கூட்டுத் தண்டு பிடிக்கும் உரிமை பரம்பரையாக உண்டு. ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூப்பர் கிழவர் முன்னே வந்து சொன்னார்: "தம்பியவை, அந்தோனியார் இண்டைக்குக் கனக்கிறார். நீங்கள் ரெண்டுபேரும் ஒரே தண்டிலை தோள் குடுத்தால்தான் எழும்புவார்." மேளம் நின்றது. குருவானவரும் பேசாமல் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சிறுவனாகிய எனக்கு அது ஒரு மணித்தியாலம் போலிருந்தது. கடைசியில் இளையவன் சுற்றி வந்து மற்றவனின் பின்னால் நின்று தோளைக் கொடுத்தான். கூடு எழும்பியது. வழக்கு பிறகு என்னவாயிற்று என்று எனக்கு நினைவில்லை. அந்தத் தண்டின் கீழ் முன்னும் பின்னுமாக நின்ற இரண்டு கழுத்துகள் மட்டும் நினைவிருக்கின்றன.

இரண்டும் ஒரே பெருநாளில் நடக்கக்கூடியவை. ஒன்றில் கணக்குத் தீர்ந்தது, மற்றதில் புதுக் கணக்கு ஏறியது.

பாதுவாவின் சட்டம்

கடனோடு அந்தோனியாருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே உண்டு. கோடி அற்புதர் என்று கொண்டாடும் எம்மிடையே, அற்புதங்களைத் தெரிந்த அளவுக்கு அவருடைய வாழ்க்கை தெரியவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

1195இல் லிஸ்பனில் பிறந்து பெர்னாந்து என்று பெயரிடப்பட்டவர், முதலில் அகுஸ்தீன் சபையிற் சேர்ந்தார். மொறோக்கோவில் வேதசாட்சிகளாக மரித்த ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் கொண்டுவரப்பட்டதைக் கண்டு, 1220இல் அச்சபைக்கு மாறி அந்தோனி என்ற பெயரைப் பெற்றார். தாமும் மொறோக்கோவுக்குக் கப்பலேறினார். அங்கே கடும் நோய். திரும்பி ஊர் போக ஏறிய கப்பலைப் புயல் அடித்துச் சிசிலித் தீவிலே சேர்த்தது. போக நினைத்த கரை ஒன்று, கடல் கொண்டுபோய் விட்ட கரை வேறொன்று. கடற்றொழிலாளர் எவருக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. ரிமினி நகரத்தார் செவிகொடாதபோது அவர் கரையில் நின்று மீன்களுக்குப் பிரசங்கித்தார் என்ற கதையைச் சுரூபங்களிலும் சித்திரங்களிலும் கண்டிருப்பீர்கள்.

அவருடைய கடைசி வருடம் பாதுவா நகரில் கழிந்தது. 1231ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நாள்தோறும் பிரசங்கித்தார். வட்டிக்குக் கொடுப்போரின் ஊர் அது. கடன்பட்டு இறுக்க முடியாதவர்களைச் சிறையில் அடைப்பது அங்கே வழக்கம். சிறையிலிருப்பவன் உழைப்பதெப்படி, கடனை இறுப்பதெப்படி? அந்தோனியார் நகர சபையினரிடம் பேசினார். 1231 மார்ச் 15இல் பாதுவா நகரம் ஒரு சட்டம் இயற்றிற்று: கடன்பட்டவன் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால், பணக்கடனுக்காக மட்டும் அவனைச் சிறையிலிடலாகாது. அந்தச் சட்டத்திலேயே, இது சகோதரர் அந்தோனியாரின் வேண்டுகோளின்படி ஆனது என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பின் அவர் மூன்று மாதமே உயிரோடிருந்தார். யூன் 13இல் இறந்தார். 17ஆம் திகதி செவ்வாய்க்கிழமை அடக்கம் நடந்தது. எமது செவ்வாய்க்கிழமைப் பக்தி அதிலிருந்து வந்தது. ஒரு வருடம் நிறைவதற்குள், 1232 மே 30இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியார் அவரைப் புனிதராக்கினார்.

இப்போது அடுத்த வீட்டு அம்மானை நினைத்துப் பாருங்கள். கடன்காரரை விடுவித்தவரின் பெருநாளுக்காக அவர் கடன்பட்டார். தவறு அவருடையது மட்டுமா? பட்டியலை வாசித்தவர்கள் யார்? கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? சம்மாட்டியின் பெயர் முதலாவதாக, பெரிய தொகையுடன் வாசிக்கப்பட்டபோது, அத்தொகையில் எவ்வளவு அம்மானின் மீன் என்று யாராவது கேட்டோமா?

நிலைமை இன்று இலகுவாகிவிடவில்லை. 2022ஆம் ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்தபோது, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் கரையிலேயே கிடந்தன. தோட்டப்புறங்களிலும் வடக்கு கிழக்கிலும் வாராந்த நுண்கடன் தவணைக்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு வீட்டுக்குள் ஒளியும் தாய்மார் உண்டு. கலேவெலப் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் பசளைக் கடை, விதைக் கடைக் கணக்கு இருக்கிறது. கரைக்கும் காட்டுக்கும் இதில் வித்தியாசமில்லை.

ஆளில்லாத தீவின் பெருநாள்

பெருநாளுக்கு உண்மையில் எவை தேவை என்று அறிய விரும்புவோர் கச்சதீவைப் பார்க்க வேண்டும். நெடுந்தீவுக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில், 285 ஏக்கர் பரப்புள்ள தீவு. குடியிருப்பு இல்லை; குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. அங்குள்ள அந்தோனியார் கோவிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரம் பக்கத்து நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் கட்டினார் என்று சொல்லப்படுகிறது. யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் நெடுந்தீவுப் பங்கைச் சேர்ந்தது அது. யூன் 13 சோளகக் காற்றுக் காலம். வாடை ஓய்ந்து சோளகம் பெயர முன், கடல் அடங்கிக் கிடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில், தவக்காலத்தை ஒட்டி அங்கே பெருநாள் கொண்டாடுகிறார்கள்.

இரண்டே நாள். முதல்நாட் பின்னேரம் கொடியேற்றம், செபமாலை, சிலுவைப் பாதை, திருப்பலி, இரவில் சுரூபப் பவனி. மறுநாட் காலை பெருநாட் திருப்பலி, கொடியிறக்கம். பகலுக்குள் படகுகள் புறப்பட்டுவிடும். தண்ணீரையும் உணவையும் ஆட்கள் கொண்டுவர வேண்டும்; மணலிலே படுக்க வேண்டும். நம்முடைய ஒன்பது நாள் ஆரவாரத்தில் எவையெல்லாம் இல்லாமலும் பெருநாள் நடக்கும் என்பதை அங்கே காணலாம்.

ஆனால் இரு கரையாரும் வரவேண்டும். அதுதான் அந்தப் பெருநாளின் சாரம். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவு இலங்கைக்கு உரியதான போதும், இந்தியப் பக்தர்கள் பயண ஆவணமோ விசாவோ இன்றி வந்துபோகலாம் என்று அதன் ஐந்தாம் பிரிவு கூறிற்று. போர்க்காலத்தில் பெருநாள் நின்றது. போருக்குப் பின் மறுபடி நடைபெறலாயிற்று; 2016 டிசம்பரில் புதிய ஆலயமும் திறக்கப்பட்டது.

அங்கே கூடுவோர் ஒருவரையொருவர் நேசிக்கும் நல்ல அயலார் மட்டுமல்லர். தமிழகத்து இழுவைமடிப் படகுகள் இரவிலே வந்து கடலடியை வாரிச் செல்வதாலும் வலைகளை அறுப்பதாலும் எமது வடபகுதித் தொழிலாளர் வயிறெரிகின்றனர். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. மறுபக்கத்தில், பிடிபட்ட தமிழகத்து மீனவரின் மனைவி மக்கள் அவர்களுடைய விடுதலைக்காகக் காத்திருக்கின்றனர். 2024 பெப்ரவரியில், தம்மவர் சிறையிலிடப்பட்டதைக் கண்டித்து இராமேஸ்வரத்து மீனவர் பெருநாளையே புறக்கணித்தனர். 2025 மார்ச்சில் மறுபடியும் வந்தனர்.

அந்த 2024ஆம் வருடப் பெருநாளைப்பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. வராமற் போனவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி ஆண்டவர் சொன்னதை மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சமாதானமாகாமல் வருவதைவிட வராமலிருப்பது நேர்மை என்று ஒருவர் வாதிக்கலாம். ஆயினும் சந்திக்க வேறு இடமே இல்லாத இருவருக்கு, அந்த ஓர் இடமும் இல்லாமற் போனால்? அறுந்த வலையின் சொந்தக்காரனும் சிறையிலிருந்தவனின் தம்பியும் ஒரே மணலில் பக்கத்துப் பக்கமாகப் படுக்க வேறெங்கே முடியும்? கூட்டுத் தண்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்காவிட்டால், எங்கள் மூப்பர் கிழவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நேர்த்திக்கடனும் கடன்தான்

இனி வஹாகோட்டைக்குத் திரும்புவோம். அங்கே போகிற குடும்பங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு நேர்த்தியோடு போகின்றன. 'நேர்த்திக்கடன்' என்றே தமிழிற் சொல்லுகிறோம். கடன் என்றால் அதற்கும் ஒழுங்கு உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் நேர்ச்சைகளைப்பற்றிய பிரிவுகள் 1191 முதல் 1198 வரை உள்ளன. எமது மக்களிற் பலர் கேள்விப்பட்டிராத சில காரியங்கள் அங்கே இருக்கின்றன.

நேர்ச்சை என்பது, நடக்கக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையை, அறிந்து சுதந்திரமாகக் கடவுளுக்கு வாக்களிப்பது. கடவுளுக்கே, புனிதர் எமக்காகப் பரிந்து பேசுகிறவர். பயமுறுத்தலாலோ ஏமாற்றத்தாலோ செய்வித்த நேர்ச்சை செல்லாது. நேர்ந்தவரை மட்டுமே அது கட்டுப்படுத்தும். ஆகவே, "பாட்டி நேர்ந்தாள், நாங்கள் செய்யாவிட்டால் குற்றம் பிடிக்கும்" என்று நடுங்கத் தேவையில்லை. பாட்டியின் மேலுள்ள அன்பினால் செய்வது வேறு. நேர்ந்தவர் தாமாகவே அதை அதற்கு ஒப்பான, அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். நியாயமான காரணமிருந்தால் பங்குக் குருவானவர் அதிலிருந்து விடுதலையளிக்கவும் அதிகாரமுடையவர், வேறு எவருடைய உரிமையும் அதனால் கெடாதவரையில். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வட்டிக்கு எடுத்து நேர்த்தியை முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

யாத்திரைக்கு முந்திய கிழமையில் ஓர் இரவு, இராச் செபத்துக்குப் பின் குடும்பமாக இருந்து பேசுங்கள். நாம் யாருக்குக் கொடுக்க வேண்டும்? கடைக்காரரின் கொப்பியில் எவ்வளவு நிற்கிறது? மிளகாய்த் தோட்டத்தில் களை பிடுங்கியவளின் இரண்டு நாட் கூலி கொடுத்தாயிற்றா? வாகனக் கூலி, மெழுகுதிரி, புதுச் சட்டை எல்லாம் அதற்குப் பிறகு. நமக்குத் தரவேண்டியவர் யார், அவரால் தர முடியுமா? எந்த வீட்டாரோடு பேச்சில்லை? பிள்ளைகளும் கேட்கட்டும், அவர்களுக்குத் தெரியாதென்று நாம் நினைப்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

பங்குகளில் பெருநாட் குழுவில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. வரவு செலவை எல்லாருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். கொடுத்தவர் பெயர்ப்பட்டியலை மட்டும் ஒலிபெருக்கிக்குக் கொடாதிருங்கள். அந்தோனியார் அப்பம் என்ற வழக்கம் 1890ஆம் ஆண்டளவில் பிரான்சின் துலோன் துறைமுகத்தில், ஒரு கடைக்காரப் பெண் கதவு திறந்தால் ஏழைகளுக்கு அப்பம் கொடுப்பதாக நேர்ந்ததிலிருந்து பரவியது. அதுவும் கடலோர ஊர்தான். அந்தப் பெட்டியிற் சேர்வது ஏழைகளுக்கு உரியது. கூட்டுச் சோடனைக்கோ மின்குமிழுக்கோ அதை எடுக்கலாகாது.

அம்மானின் கதையை அரைகுறையில் விட்டுவிட்டேன். அட்டியல் மூழ்கிய மறு வருடம், மாமி தன் பங்குக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார்: மகனின் காய்ச்சல் மாறினால் அந்தோனியாருக்கு வெள்ளி விளக்கு. காய்ச்சல் மாறிவிட்டது, விளக்குக்கு வழியில்லை. அழுதுகொண்டு குருவானவரிடம் போனார். அவர் சிறிது யோசித்துவிட்டு, "விளக்கு வேண்டாம். செவ்வாய்க்கிழமையிலே அம்மானுக்கு மீன்பாடு இருந்தால், அதில் ஒரு கோர்வை மீனை அந்தக் கண் தெரியாத கிழவிக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றார். கிழவி இறக்கும்வரை மாமி அதைச் செய்தார். மீனில்லாத செவ்வாய்களில் வெறுங்கையோடு போய்க் கொஞ்ச நேரம் இருந்து கதைத்துவிட்டு வருவார். கோர்வையைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை சில நாட்களில் எனக்குக் கிடைத்தது. கிழவி மீனைத் தடவிப் பார்த்தே இது சூடை, இது திரளி என்று பெயர் சொல்லிவிடுவாள்.